பல்லின் மேல் பழி

கேள்வி: என் ஒரு வயது மகனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு; எடையும் குறைகிறது. "பல்லு மொளைக்குது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மாமியார். சரியா?
– ஒரு வாசகி, அன்னவாசல்

பதில்: முளைக்கும் முன்பே பல்லுக்குக் கெட்ட பெயரா? தவழும் வயதில் விரல், பால்புட்டி, தண்ணீர் மூன்றையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும். உங்கள் ஒன்றியத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் வந்தபோது மருத்துவர்கள் தண்ணீரைத்தான் சந்தேகித்தார்கள். பட்டியலினக் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. அந்தக் கொடுமையை எந்தத் தாயும் அடுப்பில் கொதிக்கவைத்துப் போக்கிவிட முடியாது.

ஆனால் வீட்டில் உங்கள் கையில் இருப்பதைச் செய்யலாம்: புட்டிக்கு விடைகொடுத்து, கிண்ணமும் கரண்டியும் எடுங்கள். பேதி என்று சோற்றை நிறுத்தாதீர்கள். எடையைக் கரைப்பதில் அந்தப் பட்டினிக்கும் பங்குண்டு. தாய்ப்பால், ஓ.ஆர்.எஸ். கரைசல், 14 நாள் துத்தநாக மாத்திரை மூன்றும் வேண்டும். எடை குறைவதால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்; மலத்தில் ரத்தமோ, கண் குழிவோ தெரிந்தால் இன்றே.