முசியேவின் பதினெட்டுக் குழிகள்

புதுச்சேரி கதிர்காமத்தில் மெடிக்கல் காலேஜ் பக்கம் விடியற்காலையில் எல்லோரும் நடப்பார்கள். ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். கால்களை அகட்டி, முழங்காலைச் சற்றே மடக்கி, கையில் இல்லாத மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி, காற்றில் சர்ரென்று ஒரு வீச்சு. பிறகு கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, கோரிமேட்டுப் பக்கம் பறந்துபோன பந்தைப் பார்ப்பார். முதலில் பால்காரர் வாய்வுப் பிடிப்பு என்று நினைத்து இரக்கப்பட்டார். இப்போது அடி முடியும்வரை வண்டியை நிறுத்திவைத்து, அப்புறம் கடந்துபோகிறார்.

பாரீஸில் உத்தியோகம் பார்த்து பென்ஷனோடு திரும்பியவராக இருப்பார். இல்லாவிட்டால், வங்கி வேலையில் ஊட்டிக்கு மாற்றலாகிப் போய் இந்த கோல்ஃப் தொற்றோடு வந்தவராக இருப்பார். யாரானாலும் தெரு வைக்கும் பெயர் முசியேதான்.

முசியேவுக்கு ஒரு விரதம் உண்டு. ஆடினால் சொந்த நாட்டில்தான் ஆடுவார். "ஸ்காட்லாந்துக்கு எதுக்குப் போகணும்? 1829-லயே கல்கத்தாவுல கிளப் வந்தாச்சு. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுதான் மூத்தது!" ஆரம்பித்தவன் வெள்ளைக்காரன் என்ற சின்ன விவரம் இந்தப் பெருமிதத்தைத் தொடுவதில்லை.

சென்னையிலும் கோல்ஃப் உண்டு. அது இவருக்கு ஆகாது. மேகம் தலையில் இடிக்க வேண்டும், மட்டையில் பனி சொட்ட வேண்டும். எதிர்வீட்டுப் பெரியவருக்கு இதெல்லாம் புரிவதில்லை. அவர் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பெத்தாங் ஆடுகிறவர். முக்கால் கிலோ இரும்பு உருண்டை, கொஞ்சம் மண்தரை, நாலு சிநேகிதர்கள், ஆட்டம் முடிந்தது. "முசியே, அடிச்சுத் தொலைச்சுட்டு அப்புறம் தேடுறீங்க. எங்க பந்து எங்கயும் போகாதுங்க" என்பார். முசியே அவருக்கு ஷில்லாங் பைன் மரங்களின் படத்தைக் காட்டுவார். படத்தில் மரம் இருக்கும், மலை இருக்கும், முசியேவின் கட்டைவிரலும் இருக்கும். பந்து இருக்காது.

பந்து இல்லாததற்குக் காரணம் உண்டு, அது எப்போதும் தொலைந்துபோயிருக்கும். தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிஷம்தான் அவகாசம். முன்பு ஐந்தாக இருந்தது. ஊட்டி ஜிம்கானா மைதானத்தின் மஞ்சள் பூப் புதருக்குள் போகும் முசியே அரைமணி கழித்துத்தான் வெளியே வருவார், முகத்தில் தரிசனம் கண்ட களையோடு. பின்னால் காத்திருப்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து தரைநாட்டைவிடக் கூடுதல் தூரம் போகும். இந்த இயற்பியலை அவர் தன் தோளின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

கொடைக்கானல் இன்னும் விசேஷம். 1895-ல் தொடங்கிய கிளப். புல்வெளியில் காட்டெருமைகள் உறுப்பினர் கட்டணம் கட்டியவைபோல மேயும். முசியே விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால் தண்டனை இல்லாமல் பந்தை வேறு இடத்தில் வைத்து ஆடலாம், விதி 16.2. ஆகவே அவர் பந்து சரிவிலோ மணலிலோ விழுந்தால் முதலில் காட்டெருமை எங்கே என்றுதான் தேடுவார். கூப்பிடு தூரத்தில் ஒன்று நின்றால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

சிம்லாவுக்குப் பக்கத்தில் கோல்ஃப் மைதானம் உள்ள நால்தெரா, கர்சன் பிரபுவைச் சொக்கவைத்த இடம். தன் மகளுக்கு அலெக்ஸாண்ட்ரா நால்தெரா என்றே பெயர் வைத்தார். இதைப் படித்த கையோடு முசியே, பேத்திக்கு குல்மார்க் என்று பெயர் வைக்கலாம் என்றார். மருமகள் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

இந்த ஆட்டத்தை நிஜமாகவே ஆடத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பது என் எண்ணம். பெங்களூருவின் சி. முனியப்பா அப்படிப் பை தூக்கியவர்தான். 2009-ல் இந்தியன் ஓப்பனை வென்றார். முசியேவுக்குப் பை தூக்கும் ஊட்டிக்காரர் தரையை ஒருதரம் பார்த்தாலே பந்து எந்தப் பக்கம் உருளும் என்று சொல்லிவிடுவார். முசியே கேட்கமாட்டார். அவர் கண் தொட்டபெட்டா திசையில் இருக்கும்.

அவர்களுக்குப் பின்னால், மஃப்ளரும் புளியோதரைப் பாத்திரமுமாக முசியேவின் வீட்டம்மா வருவார். குழியில் பந்து விழுந்ததும் கணக்கு.

"சார், எட்டா ஒன்பதா?"

"எது தம்பி?"

"அடி, சார்."

"மூடுபனி இறங்கினப்புறம் அடிச்சதெல்லாம் கணக்குல வராது. நாலு போடு."

"போன தடவை வெயில் கண்ணைக் கூசுதுன்னு கழிச்சீங்க," என்றார் அம்மா, பாத்திரத்தைத் திறந்தபடி. "வாங்க, சாப்பிடுங்க. இதையாவது எண்ணிச் சாப்பிடாதீங்க."