ஆமை எண்ணப் போற அப்பு

வாப்பு, வா. முதுகுல மூட்டை, கையில டார்ச்சு, நெத்தியில இன்னொரு டார்ச்சு. ஆமை எண்ணக் கிளம்பிட்டியாக்கும்? பேஷ்!

ராவெல்லாம் கரையில நடந்து முட்டைக்குழியை எண்ணி நோட்டுல ஏத்துறே. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கரையேறி வர்றது யாரு? முட்டையிட வந்த பொட்டை மட்டுந்தானே? ஆண் ஆமை பொறந்த அன்னைக்குக் கடல்ல இறங்குனா அப்புறம் கரைப்பக்கம் தலைவச்சுப் படுக்காது. வளர்ற குட்டியும் வராது. பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டு ஊர்ச் சனத்தொகை எழுதுனா வெளங்குமா? அதுலயும் ஒரே மகராசி ஒரு பருவத்துல ரெண்டு மூணு வாட்டி வருவா. அவளை மூணு பேரா எழுதிப்புட்டியோ?

குஞ்சு விடுற அன்னைக்குக் கூட்டத்தைப் பாக்கணுமே! பேனரு என்ன, செல்பி என்ன! வெளிச்சம் தெரியுற பக்கம் போற சீவன் அது. நீ போன் லைட்டை அடிச்சா கடலுக்குப் போகுமா, உன் காலடிக்கு வருமா?

எங்க திங்குதுன்னு பாத்தியாப்பு? பங்குனி ஆமைக்கு நண்டு, இறாலு, சொறிமீனு வேணும். வளந்த பேராமை புல்லு மேயுற சாதி. பாக் விரிகுடாவுல கடல்புல்லு கிடக்குதுல்ல, அங்க போய்ப் பாரு. கடிச்ச இடத்துல தளிர் விட்டா, திரும்ப வந்து அதையே கடிக்கும். அந்தப் புல்லை விசைப்படகு மடிவலை வாரிக்கிட்டுப் போனா, பேராமை எதைத் திங்கும்? மடிக்குள்ள சிக்குன ஆமை மூச்செடுக்க மேல வர முடியாம சாகுது. 2025 சனவரியில சென்னைக் கரையில செத்து ஒதுங்குனதை நீதான் போட்டோ புடிச்சியே.

ட்ரோன் இல்லாம ஆமை எண்ண முடியாதாமே? சதீஷ் பாஸ்கர்னு ஒரு மனுசன், 1982 மழைக்காலத்துல லட்சத்தீவு சுஹேலியில ஒத்தையாக் கிடந்து ஆமை பாத்தாரு. எந்த ட்ரோனு பறந்துச்சு அப்ப?

அதே லட்சத்தீவு அகத்தியில பின்னால பேராமை பெருகி, புல்லை மொட்டையடிச்சுருச்சு. புல்லுல ஒண்டுற மீனு குறைஞ்சுபோச்சுன்னு மீன்பிடிக்கிற சனம் ஆமை மேல எரிஞ்சு விழுந்துச்சு. ஆமை சட்டை பண்ணுமா? தீனி தீந்ததும் கட்மத்துத் தீவுப் பக்கம் நடையைக் கட்டிருச்சு. நீ இன்னமும் அகத்தியில நோட்டை விரிச்சு உக்காந்திருக்காதேப்பு. கட்மத்துக்குக் கப்பல் எத்தனை மணிக்குன்னு கேளு.