நுளம்பின் சீட்டுக் கணக்கு

கேள்வி: மாதக்கணக்கில் வெயில் காய்கிறது, சொட்டு மழை இல்லை. ஆனால் மாரி தொடங்கியதும் டெங்கு நுளம்பு எங்கிருந்து வந்து சேர்கிறது?
- ஒரு வாசகி, காத்தான்குடி

பதில்: வருவதென்ன, அது வீட்டை விட்டுப் போனால்தானே!

போன மாரியில் தாய் நுளம்பு வாளியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவைத்த முட்டைகள், தண்ணீர் வற்றினாலும் 8 மாதம் வரை தாக்குப்பிடிக்கும். கச்சான் காற்று அடித்து ஓய அது போதும். வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஒரு தடவைக்கு ஏறக்குறைய 100 முட்டை. வாளியில் கொஞ்சம், பீலியில் கொஞ்சம், பூச்சாடித் தட்டில் கொஞ்சம் எனப் பிரித்து இடும். வீட்டு உம்மா நாளைக்கு எதைக் கவிழ்ப்பாரென்று அதற்கென்ன தெரியும்? நனைந்தாலும் எல்லா முட்டையும் ஒருசேரப் பொரிக்காது. முதல் மழை ஏமாற்றினால், மிச்சம் அடுத்த மழைக்கு. நுளம்பு யோசித்துச் செய்யும் வேலையல்ல இது. அவசரப்பட்டு மொத்தமாகப் பொரித்த வம்சங்கள் ஏதோவொரு வரட்சியில் அற்றுப்போயிருக்கும்.

விதைகளுக்கும் இதே கதைதான். மழை நிச்சயமில்லாத நிலத்தில் எல்லா விதையும் ஒரே ஆண்டில் முளைத்தால், ஒரு கெட்ட ஆண்டோடு அந்தப் பூண்டே போச்சு. 1966இல் டான் கோஹன் என்ற ஆய்வாளர் இதைக் கணிதமாகவே போட்டுக் காட்டினார்.

சரி, உங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உவர்நீராவது காப்பாற்றும் என்கிறீர்களா? இலங்கை ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் உவர் கலந்த நீரிலும் டெங்கு நுளம்புக் குடம்பிகள் நீந்திக்கொண்டிருந்தன.