புதினாக் கவாத்தியல்: நடுவட்டத்துக் கொல்லைப்புறங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

வெட்டுவதைப் பற்றி நீலகிரி நடுவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எதை எவ்வளவு வெட்டினால் சாகாமல் திரும்பத் தழைக்கும் என்பதுதான், வெள்ளைக்காரன் காலம் தொட்டு இவ்வூரின் தலையாய ஆராய்ச்சி. 1860களில் இங்கே சிங்கோனாத் தோட்டம் போட்ட வில்லியம் கிரகாம் மெக்ஐவர், மரத்தைச் சாய்க்காமல் பட்டையை மட்டும் கீற்றுக் கீற்றாக உரித்தார். உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். பட்டை மறுபடி வளர்ந்தது, கொய்னாவும் கிடைத்தது. சீனக் கைதிகள் பாடுபட்ட அந்தத் தோட்டத்தின் புகழ் மங்கித் தேயிலை தலையெடுத்தபோது, கூடவே கவாத்தும் வந்தது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்த உயரத்தில், கத்தியை எப்படிச் சாய்த்து என்று அதற்கு ஆயிரம் விதி. ஆனால் லைன் வீட்டின் பின்னால், துவைகல்லிலிருந்து தண்ணீர் வழியும் இடத்தில் படர்ந்து கிடக்கும் புதினாவுக்கு ஒரு விதியும் எழுதப்படவில்லை. அறிவுலகின் இப்பெருங்குறையை இக்கட்டுரை களைய முற்படுகிறது.

முதற்கண் வரையறை. புதினா, பல்லாண்டு வாழும் படர்பூண்டு. தண்டு நாற்பட்டை. கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இலை. தரைமேலும் தரைக்கடியிலும் ஓடுதண்டு விடும். ஒரு கணு ஈர மண்ணைத் தொட்டால் போதும், அங்கேயே வேர்விட்டுத் தனிக்குடித்தனம் தொடங்கிவிடும். ஆகவே வெட்டினால் செத்துவிடுமோ என்ற கவலை இத்துறையில் எழுவதில்லை.

அறுவடைக் கோட்பாட்டாளர்களுள் மூத்தவர்கள் கிள்ளுநர்கள், பெரும்பாலும் மாமியார்கள். நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு விட்டு, கணுவுக்குச் சற்று மேலே நகத்தால் கிள்ளுவார்கள். இதற்கு விஞ்ஞான ஆதாரம் வலுவாக உண்டு. நுனிக் குருத்திலிருந்து கீழிறங்கும் ஆக்சின் என்ற ஊக்கி, பக்க மொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கும். குருத்து போனதும் கணுவின் இரண்டு மொட்டுகளும் கிளம்பும்; ஒற்றைத் தண்டு இரட்டையாகும். கிள்ளுநர் எவரும் ஆக்சின் என்ற பேரைக் கேட்டதில்லை. காலமெல்லாம் கொழுந்து பறித்த விரல்களுக்கு அது தேவைப்படவுமில்லை.

எதிரணியில் நிற்பவர்கள் ஓய்வுபெற்ற கவாத்து ஆட்கள். “ரொம்ப மேல ஏறிப் போச்சுங்கக்கா, ஒரே மட்டத்துக்கு இறக்கிடணும்” என்று சொல்லி முடிப்பதற்குள் பாத்தி மொட்டையாகியிருக்கும். தரையிலிருந்து இரண்டு விரற்கடைதான் மிச்சம் வைப்பார்கள். இவர்களை எளிதில் மறுக்கவும் முடியாது. பூங்கொத்து எட்டிப் பார்க்கும்போது இப்படி அடியோடு வெட்டினால்தான் புதுத் தளிர் வரும். இலையடியில் ஆரஞ்சுநிறத் துருநோய் கண்டால் தண்டுகளை ஒட்ட அறுத்து எரித்துவிடுவதே முறை. எங்கள் ஆட்சேபணை ஒன்றுதான்: சம்பந்தி வீட்டார் வரும் நாளின் காலையாகப் பார்த்து இவர்கள் கத்தியை எடுப்பது ஏன்?

பிடுங்குநர் என்று ஒரு பிரிவும் உண்டு. “கொஞ்சம் புதினா கொண்டா” என்று அனுப்பப்பட்ட சிறுவர்கள், வேரும் மண்ணுமாகக் கொண்டு வருவார்கள். இரவில் கொல்லைக்குள் புகுந்து மிதித்துவிட்டுப் போகும் காட்டுமாட்டையும் இவ்வகையில் சேர்க்கலாம். இருவருக்கும் விளைவு ஒன்றே: அறுந்து மண்ணில் கிடந்த துண்டுகள் தனித்தனியே முளைத்து, பாத்தி முன்னைவிடப் பெரிதாகும்.

இனி காலம். நாட்காட்டிக் கொள்கையின்படி, ஜூன் மழை இறங்குமுன் நெருக்கத்தைக் கலைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்றில்லாமல் இலை அழுகும். பனிக்காலத்தில் மேலிலை கருகினால் பதற வேண்டாம். அடித்தண்டு உயிரோடிருக்கும், பனி விலகியதும் கருகியதைக் கழித்தால் போதும். எல்லாம் சரிதான். ஆனால் நாட்காட்டி பார்த்துப் புதினா வெட்டிய குடும்பம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. புதினா வெட்டப்படுவது ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு, பிரியாணிக்கு, துவையலுக்கு, வயிற்று உப்புசத்துக்கு. இந்த ஒழுங்கின்மைதான் அதற்கு உகந்த ஒழுங்கு என்பது எங்கள் துணிபு. ஓயாமல் ஆள் வந்துபோகும் வீட்டில் புதினா குட்டையாக, அடர்ந்து, இளந்தளிரோடு நிற்கிறது. விருந்தாளி எட்டிப் பார்க்காத வீட்டில் தண்டு முற்றி, இலை சிறுத்து, பூத்துவிடுகிறது. ஒரு குடும்பம் உறவினரோடு எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புவோர் முன்வாசலை விட்டுப் பின்கொல்லைக்குப் போகலாம்.

எஞ்சியிருப்பது எல்லைத் தகராறு. மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் பரிசேயர் புதினாவிலும் பத்திலொரு பங்கு கணக்குப் பார்த்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டதற்காகக் கண்டிக்கப்படுவதால், சில்லறைக் கணக்கு இதில் கூடாது என்பது தெளிவு. எனினும் வேலிக்கடியில் நுழைந்து பக்கத்து வீட்டில் தலைதூக்கும் ஓடுதண்டு யாருடையது? வெட்டும் உரிமை அக்கரைக்கு, துவையலில் ஒரு கிண்ணம் இக்கரைக்கு என்று பரிந்துரைக்கிறோம். இதை ஏற்காத அயலார் தம் பக்கத்துப் புதினாவை, ஒரு வேர்த்துண்டுகூட மிச்சமில்லாமல் தோண்டியெடுத்துத் திருப்பித் தந்துவிடலாம்.