பானெட்டில் தட்டும் அண்ணன்

பழைய கார் பார்க்க யாரோ போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப் இருந்தவரை அங்கிருந்து கிளம்பினார். 2025 ஜூன் 1 அன்று கேம்பை இடித்துத் தள்ளிய பிறகு, மாற்று வீடு கிடைத்தவர்களோடு நரேலாவுக்குப் போய் அங்கிருந்து கிளம்புகிறார். பிழைப்பு ஜங்புரா, போகல் பக்கமே இருக்க, குடியிருப்பு மட்டும் 40 கிலோமீட்டர் தள்ளிப் போனால், நாலு பேர் காசு சேர்த்து ஒரு வண்டி வாங்கலாமா என்ற யோசனை வரத்தான் செய்யும். யோசனை முடிவதற்குள் அண்ணன் வண்டிப் பக்கத்தில் நிற்பார். உள்ளங்கையை பானெட்டில் வைப்பார். கண்ணை மூடுவார். தேங்காய் பார்ப்பதுபோல இரண்டு தட்டு. “கண்டிஷன் வண்டி தம்பி. கண்ணை மூடிக்கிட்டு எடு.”

இந்தத் தட்டில் என்ன தெரியும்? தகரம், தகரம்தான் என்பது தெரியும். தேங்காயாவது தட்டினால் பதில் சொல்லும். அழுகல் என்றால் கடைக்காரர் மாற்றியும் கொடுப்பார். உள்ளங்கைக்கு உருப்படியாகத் தெரியக்கூடியது சூடு ஒன்றுதான். டெல்லி ஜனவரியில், காலை ஏழு மணிக்கு, ராத்திரி முழுக்க நின்றதாகச் சொல்லப்படும் வண்டியின் பானெட் சுடுகிறது என்றால், ஆள் வருமுன்பே விற்பவர் இஞ்சினை ஓடவிட்டிருக்கிறார். குளிரில் ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டியின் குட்டை மறைக்க இதுவே வழி. அந்தச் சூடு அண்ணன் கையிலும் படுகிறது. “பாத்தியா, எப்படி உயிரோட இருக்குன்னு!” என்கிறார். ஆயில் மூடியைத் திருகினால், அடியில் டீ நிறத்தில் பசை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம்; இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அண்ணன் மூடியைத் திறப்பதில்லை, ஒரு கையில் டீ கிளாஸ் இருக்கிறது. ஆர்.சி.யில் வண்டியின் வயதையும் பார்ப்பதில்லை. டீசல் வண்டிக்கு 10 வருடம், பெட்ரோல் வண்டிக்கு 15 வருடம் என்ற கெடுவை 2018-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்த ஊர் இது. 2025-ல் பிடி தளர்ந்தாலும் பயம் போகவில்லை. ஒன்பது வயது டீசல் கார் இங்கே மலிவாகக் கிடைப்பது விற்பவரின் தாராள மனசால் அல்ல.

வாங்கின மூன்றாம் வாரம் வண்டி ரிங் ரோட்டில் நிற்கும். அண்ணன் வந்து மூன்றாவது தட்டைத் தட்டி, “சின்ன வேலைதான்” என்பார். இஞ்சினையே இறக்கி வைத்தாலும் அவருக்குச் சின்ன வேலைதான். இந்தச் சின்ன வேலைக்கு யார் காசு கொடுப்பது? வண்டி விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் கடைக்காரரின் பேச்சை நம்பி, இன்ன தேவைக்கு என்று சொல்லி வாங்கியிருந்தால், 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தை வைத்து அவரைக் கேட்கலாம். தன் சொந்தக் காரை விற்கும் சாதாரண ஆளிடம் அந்தப் பிடி இல்லை. 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம் குதிரையை வைத்தே இதை விளக்குகிறது: சீக்குக் குதிரை என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் ஏலத்தில் விற்றால், அது மட்டும் மோசடி ஆகாது, ஆனால் வாங்குபவள் விற்பவரின் மகள், இப்போதுதான் மேஜரானவள் என்றால், குறையைச் சொல்லியே ஆக வேண்டும். உறவு வந்தால் பேசும் கடமையும் வருகிறது. அந்தச் சட்டத்தில் நம் அண்ணனுக்கு இடமில்லை, நியாயத்தில் உண்டு. ‘தம்பி’ என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், சுட்ட பானெட்டைப் பற்றி வாயைத் திறந்திருக்க வேண்டும்.

பழைய வண்டி என்றால் செலவு வைக்காதா என்று கேட்கலாம். வைக்கும். டயர், பேட்டரி, கிளட்ச் பிளேட் எல்லாம் தேயத்தான் செய்யும். அது வாங்கினவர் தலையில். தேய்ந்தது வேறு, தெரிந்தே மறைத்தது வேறு. மெக்கானிக்கிடம் காட்டியிருக்கலாமே என்பது அடுத்த கேள்வி. காட்டத்தான் இருந்தார்கள். “நான் இருக்கேன்ல” என்று தடுத்தது யார்? அவர் காசு வாங்காமல்தானே உதவினார் என்பது கடைசி வாதம். வாங்கினவரிடம் வாங்கவில்லை, உண்மை. விற்றவர் ‘சாய் பானி’ என்று அவர் சட்டைப் பையில் திணித்தது என்ன? மாட்டுச் சந்தைத் தரகர் இதைவிட யோக்கியர். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி, தன் தரகை எல்லோரும் அறிய வாங்கிக்கொள்வார்.

அண்ணனைக் கெட்டவர் என்றும் சொல்லிவிட முடியாது. ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க வண்டியைத் தள்ளுவார். கரோல்பாக் மெக்கானிக்கிடம் இந்தியில் மல்லுக்கட்டி ஐந்நூறு ரூபாய் குறைப்பார். அந்த ஐந்நூறை வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டவும் செய்வார். ஆனால் வண்டிக்குப் போட்டது, வாங்கினவர்கள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துச் சேர்த்த பணம். அதில் இஞ்சின் வேலை பார்ப்பது அவர்களுக்குச் சின்ன வேலை இல்லை. பில் முழுவதையும் அண்ணன் தலையில் கட்டச் சொல்லவில்லை. சாய் பானி எவ்வளவோ, அவ்வளவு பில்லுக்குப் போகட்டும். மூன்றாவது தட்டை அவர் பானெட்டில் தட்ட வேண்டாம், தன் சட்டைப் பையில் தட்டட்டும்.