இருபத்து மூன்று நாள் கரண்டிமூக்கு

அந்தக் காலத்தில் பறவை பார்ப்பது என்றால் பாதி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுதான். வேதாரண்யத்தில் இறங்கி, கோடியக்கரை வண்டி வரும்வரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கண்ணுக்கு மட்டும் தெளிவாகத் தெரிகிற இரவல் பைனாகுலரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தால், கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு, “என்ன தம்பி, சர்வேயா?” என்பார். பறவை பார்க்க என்று சொன்னால் அடுத்த கேள்வி, “சாப்பிடவா?” இரண்டுக்கும் பதில் சொல்லிச் சலித்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் சிலர் இருப்பீர்கள்.

1984 டிசம்பர். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அந்தக் கரையில் வலை விரித்து, வலசை வந்த பறவைகளின் காலில் வளையம் மாட்டிக்கொண்டிருந்த காலம். உப்பளத்து வரப்பில் குந்தி, நூற்றுக்கணக்கான உள்ளான்கள் சேற்றைக் கொத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றின் அலகு நுனி மட்டும் தட்டையாக, சங்கில் மருந்து புகட்டும் முனைபோல அகன்று தெரிந்தது. கரண்டிமூக்கு உள்ளான்! சிட்டுக்குருவி அளவே இருந்துகொண்டு, ருஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் சுக்கோத்காவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு வங்கக் கடலோரம் வரை பறந்து வருகிற பறவை. பார்த்தவர்களை எண்ணிவிடலாம்.

பார்த்ததை முதலில் எழுது, பிறகு புத்தகத்தைத் திற என்பது பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். எழுதினேன். கால் கறுப்பு, வயிறு வெள்ளை, முதுகு சாம்பல், அலகு கரண்டி. பக்கத்தில் ஒரு படம். அடியில் ‘நிச்சயம்’ என்று எழுதி இரண்டு கோடு. அந்த இரண்டாவது கோட்டை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மறுநாளே கல்லூரி நூலகத்தில், சாலிம் அலியும் டிலன் ரிப்ளியும் எழுதிய பத்துத் தொகுதிகளில் இரண்டாவதை எடுத்து, நான் பார்க்காததையும் சேர்த்துப் பார்த்ததாக நம்பி, பறவைகள் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவருக்கு 15 பைசா போஸ்ட்கார்டில், ஓரமெல்லாம் நிரம்ப, சேதி அனுப்பினேன்.

பதில் வர இருபத்து மூன்று நாள் ஆயிற்று. அந்த இருபத்து மூன்று நாளும் நான் கரண்டிமூக்கைப் பார்த்தவன். அம்மா ரசத்துக்குக் கரண்டியை எடுத்தால் சிரிப்பு வரும். விடுதி நண்பர்கள் பெயரையே மாற்றிக் கூப்பிட்டார்கள். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வயிற்றுக்குள் ஏதோ சிறகடிக்கும். கடைசியில் கார்டு வந்தது, நாலே வரி. கொத்தியதா, தலையை இருபுறமும் ஆட்டிச் சேற்றை அலைத்ததா? அலகை நீரில் அலசியதா? கொசு உள்ளானுக்கும் கால் கறுப்புதான்; அதன் அலகு நுனியில் சேறு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அன்புடன், என்று கையெழுத்து. அலசியதா என்று நான் பார்க்கவேயில்லை. நிச்சயம் என்று எழுதக் குனிந்துவிட்டேன் அல்லவா.

போன ஜனவரியில் தம்பி மகனோடு அதே கரைக்குப் போனேன். காரில், நேராக, டீக்கடைக்காரரின் கேள்விக்கு வழியில்லை. இடுப்பளவு நீளமுள்ள லென்ஸில் அவன் படபடவென்று நூறு படம் எடுத்து, ஒன்றைப் பெரிதாக்கி, “சேறு, பெரியப்பா” என்றான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஈபேர்டு செயலியில் அரிய பறவையைப் பதிந்தால் அதுவே ஒரு குறி போட்டு விவரம் கேட்கிறது. படம் இருந்தால் உலகமே சாட்சி. உண்மையிலேயே அரிதாக ஒன்று வந்துவிட்டாலோ, சேதி பரவி மறுநாள் விடிவதற்குள் வரப்பில் நிற்க இடமில்லை. கரண்டிமூக்கு உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்கிறபோது, என்னைப்போல் இரண்டு கோடு போடுகிறவர்களை வடிகட்ட ஏற்பாடு இருப்பது நல்லதே. அதை முழுமனதோடு சொல்கிறேன். ஆனால் பாவம், இந்தப் பையனுக்கு ஒரு இருபத்து மூன்று நாள் கிடைக்கவே போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டைக் காட்டினேன். ‘நிச்சயம்’ அடித்திருக்கிறது, படத்தை மட்டும் அடிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. பழைய தேதி போட்டும் பதியலாமாம், கையால் வரைந்ததையும் ஏற்றலாமாம். போனில் அதைப் படமெடுத்துக்கொண்டு, விரலை நிறுத்திக் கேட்டான்:

“என்ன பறவைன்னு போடட்டும், பெரியப்பா?”

கொஞ்ச நேரம் அந்தக் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கொசு உள்ளான்னே போடுப்பா. ஒண்ணு.”