நகராட்சி போட்டோ ஸ்டூடியோவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம் மூன்றையும் பாக்கியில்லாமல் கட்டிய ஒருவன்.

பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள், எங்கள் ஊர் நகராட்சி (தேர்வு நிலை).

பொருள்: பொதுச் சுகாதாரம் – கழிவுநீர்க் கால்வாய் – சிலாப் உடைந்தது – மனு முடித்துவைக்கப்பட்டது – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. என் மனு. 2. தங்கள் குறுஞ்செய்தி. 3. அத்துடன் வந்த என் புகைப்படம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வை 2-இல் கண்ட குறுஞ்செய்தி கிடைத்தது. 'தங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது' என்று படித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பள்ளம் அப்படியே இருந்தது. யாரும் விழக்கூடாதென்று நாங்கள் செருகிவைத்த வேப்பங்கிளையும், அதில் கட்டிய சிவப்புத் துணியும் அப்படியே இருந்தன. பிறகுதான் செயலியைத் திறந்து, நடவடிக்கைக்கு ஆதாரமாக நீங்கள் ஏற்றியிருந்த படத்தைப் பார்த்தேன். படத்தில் இருப்பது நான்.

மடித்துக் கட்டிய லுங்கியோடு சாக்கடை ஓரம் நின்று பள்ளத்தைக் கையால் காட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் பிசகில்லாமல் இருக்கின்றன. போன வாரம் வந்த மேஸ்திரி, "சார், கொஞ்சம் ஓரமா நின்னு கையை நீட்டுங்க, ஜியோ டேக் எடுக்கணும்" என்றார். என் புகார் தீர்ந்ததற்கு நானே அத்தாட்சி ஆகப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

ஆனாலும் படம் அருமை. என் கல்யாண ஆல்பத்தில்கூட நான் இவ்வளவு தெளிவாக விழவில்லை. செல்போன் வந்த பிறகு கடைவீதியில் இருந்த ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்துவிட்டன. அந்தக் கலையை இந்த ஊரில் இன்னும் கைவிடாமல் காப்பாற்றி வருவது தாங்கள் ஒருவரே.

தங்கள் ஆல்பத்தை ஊரே அறியும். கொசு மருந்துப் புகை அடிக்கும் படம்: இயந்திரம் எங்கள் தெருமுனையில் புகைந்தது, கேமரா அணைந்ததும் அதுவும் அணைந்தது. மரம் நடும் விழாப் படம்: ஆண்டுக்கு ஆண்டு கன்று மாறுகிறது, குழி மாறுவதில்லை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபை கூடியது. பேனர் கட்டி, நாற்காலி போட்டு, பெரியவர்களை முன்வரிசையில் உட்காரவைத்துப் படம் எடுத்தீர்கள். நாங்கள் சொன்ன குறைகளை ஒருவர் நோட்டில் எழுதுவதுபோல் எழுதினார். அதுவும் படத்தில் நன்றாக வந்திருக்கிறது.

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கென்று 18 வேலைகளை எழுதிவைத்தார்கள். சாலை, குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு, சுடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு என்று பட்டியல் நீள்கிறது. புகைப்படக் கலை எப்படியோ விடுபட்டுப்போனது. பத்தொன்பதாவதாக அதைத் தாங்களே சேர்த்துக்கொண்டு, மற்ற 18-ஐயும் அதற்குள்ளேயே அடக்கிவிட்ட திறமையை டெல்லிக்காரர்கள் வந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

நகர்மன்றக் கூட்டத்தையும் ஒருமுறை பார்வையாளர் வரிசையிலிருந்து கண்டு களித்தேன். பிளீச்சிங் பவுடர் வாங்கிய செலவு, குழாய் உடைப்பைச் சரிசெய்த செலவு, ஜெனரேட்டருக்கு டீசல். எல்லாமே 'அவசர அவசியம் கருதித் தலைவரின் முன் அனுமதி பெற்று' ஏற்கெனவே செய்து முடித்த வேலைகள். எழுத்தர் எண்ணை மட்டும் வாசிக்க, உறுப்பினர்கள் "ஆல் பாஸ்" என்றார்கள். சமோசா ஆறுவதற்குள் கூட்டம் முடிந்தது. எங்கள் சிலாப் அஜெண்டாவில் இல்லை. அது அவசரமும் இல்லை, அவசியமும் இல்லை போலும். ஆனால் கலைவதற்கு முன் குரூப் போட்டோ மட்டும் மறக்காமல் எடுத்தார்கள்.

பழைய மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடக்கும்வரை தனி அலுவலர் ஆட்சி. அப்போது எதைக் கேட்டாலும் "கவுன்சிலர் வரட்டும்" என்பார்கள். கவுன்சிலர் வந்துவிட்டார். இப்போது "ஃபண்டு வரட்டும்" என்கிறார்கள். என் முதல் மனுவுக்கு எழுத்தில் வந்த பதிலும் அதுவே: 'நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்.'

2022-இல் வீடுகளுக்குச் சொத்து வரியை ஏற்றியபோது மட்டும் நிதி நிலை பற்றிய குழப்பமே இல்லை. 600 சதுர அடிவரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்குமேல் 100 சதவீதம். வீட்டின் மூலை முடுக்கெல்லாம் டேப் வைத்து அளந்தார்கள். அதன் பிறகு ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏற்றவும் வழி செய்தாயிற்று. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் கூடுதல். "நானும் என் நிதி நிலைக்கேற்பக் கட்டலாமா?" என்று பில் கலெக்டரிடம் பணிவோடு கேட்டேன். குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார், அதே பணிவோடு.

ஐயா, எதிர்வீட்டுப் பெரியம்மா விடியற்காலையில் கோலம் போட வந்து, அந்தப் பள்ளத்தில் கால் இறங்கிக் கணுக்கால் முறிந்து கிடக்கிறார். பள்ளத்துக்குப் பக்கத்துக் கம்பத்து விளக்கும் எரியவில்லை. அதற்கும் மனு கொடுத்திருக்கிறோம். ஒரு சிலாப்புக்கு என்ன செலவாகும் என்று உங்கள் ஓவர்சியருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பெரியம்மா ஆஸ்பத்திரிக்குக் கட்டியதில் தெரு முழுக்கச் சிலாப் போட்டிருக்கலாம். உங்களிடம் காசு இல்லாமல் இல்லை. கேட்பவர் யாரும் இல்லை என்ற தைரியம். அந்தத் தைரியத்தில்தான் மூடாத பள்ளத்தை மூடியதாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். இதற்குப் பெயர் நிர்வாகம் இல்லை, பொய்.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. கேமரா முன்னால் இப்படி முகத்தைச் சுளிக்கக்கூடாது.

தங்கள் ஸ்டூடியோவின் பொற்கால ஆட்சி தொடர மூன்று விண்ணப்பங்கள்.

ஒன்று: உடைந்த சிலாப்பை மாற்றுங்கள். மாற்றியதும் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுங்கள். தெருவே திரண்டு வந்து சிரித்தபடி நிற்கும்.

இரண்டு: கம்பத்து விளக்கை எரியவிடுங்கள். வெளிச்சம் இருந்தால் இரவிலும் தாங்கள் தொழில் செய்யலாம்.

மூன்றாவதில் பகடி இல்லை. எந்த மனுவையும் முடித்துவைப்பதற்கு முன் மனுதாரருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவர் 'ஆயிற்று' என்றால் முடியுங்கள், இல்லையென்றால் திறந்தே வையுங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், டெண்டர் வேண்டாம், நிதி நிலையும் வேண்டாம். புகார் தீர்ந்ததா என்று சொல்லவேண்டியவர் புகார் கொடுத்தவர்தான், புகாருக்கு ஆளானவர் அல்ல.

தங்கள் உண்மையுள்ள,
வரி பாக்கி இல்லாதவன்.

இணைப்பு: நடப்பு அரையாண்டுச் சொத்து வரி ரசீது நகல்.